ஐயக் கோட்டையும் ஒரு திறவுகோலும்

வேண்டுதல் இல்லாத சமயம் இல்லை. மழை வேண்டியும், மகப்பேறு வேண்டியும், நோய் நீங்க வேண்டியும் மனிதன் தெய்வத்தின்முன் கைகூப்பி நின்ற வரலாறே சமய வரலாற்றின் பெரும்பகுதி எனலாம். ஆயின், வேண்டியது கிடைக்காதபோது வேண்டியவனின் உள்ளத்தில் எழும் வினாவை நேர்நின்று பார்த்த நூல்கள் மிகச் சிலவே. கிறித்துவ உலகில் அவ்வினாவை அஞ்சாது எடுத்துக்கொண்ட நூல்களுள் தலையாய ஒன்று, ஜான் பனியன் ஆங்கிலத்தில் எழுதி 1678ஆம் ஆண்டு வெளிவந்த பயணக் கதை. தமிழ்க் கிறித்துவர் இல்லங்களில் 'மோட்சப் பிரயாணம்' என்ற பெயரில் உரைநடையாகப் பயிலப்படுவதும், எச். ஏ. கிருட்டிணப் பிள்ளையின் கைப்பட்டு 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியமாக மலர்ந்ததும் அந்நூலே.

இந்நூலைத் திறனாய்வோர் பெரும்பாலும் அதன் உருவகச் சிறப்பையே பேசுவர். செபத்தைப் பற்றி அது கூறும் கருத்து போதிய கவனத்தைப் பெறவில்லை. அக்கருத்தை ஆராய்வது வெறும் இலக்கிய ஆர்வத்தால் அன்று. செபித்தும் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், "உன் நம்பிக்கை போதவில்லை" என்று சொல்லிச் செல்வோர் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கின்றனர். இழந்தவள்மீது இழப்பின் பழியையும் ஏற்றுவது அச்சொல். அதைச் சொல்லக் கிறித்துவ மறையில் இடமுண்டா? பனியனின் நூல் அதற்கு இடந்தருகின்றதா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பது பயனுடையது.

மறைநூல் காட்டும் இரு பக்கங்கள்

செபத்தைப் பற்றி இயேசு கூறிய உவமைகளுள் இரண்டு லூக்கா நற்செய்தியில் மட்டுமே காணப்படுவன. நள்ளிரவில் விருந்தினன் வந்துவிட, அடுத்த வீட்டு நண்பனின் கதவைத் தட்டி மூன்று அப்பங்களைக் கடனாகக் கேட்பவன் கதை ஒன்று (அதிகாரம் 11). இறைவனுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதியாத நடுவனிடம் நாள்தோறும் சென்று நீதி கேட்டு, அவன் சலித்துப்போய்த் தீர்ப்பு வழங்கும்வரை விடாத கைம்பெண்ணின் கதை மற்றொன்று (அதிகாரம் 18). விடாது நச்சரித்தால் இறைவனும் மசிவான் என்பதே இவற்றின் பொருள் என்று எளிதாக முடிவுகட்டுவோர் உளர். அது பிழையான வாசிப்பு. இறைவன் அந்நடுவனை ஒத்தவன் என்று உவமை கூறவில்லை. ஒவ்வாதவன் என்றே கூறுகின்றது. தீயோனாகிய நடுவனே இறுதியில் செவிசாய்த்தான் எனின், தந்தையாகிய இறைவன் செவிசாய்ப்பது எவ்வளவு உறுதி என்பதே அதன் வாதம்.

நள்ளிரவு நண்பன் கதையின் முடிவும் நுட்பமானது. அப்பம் கேட்கும் பிள்ளைக்குத் தந்தை கேடானதைக் கொடான் என்று கூறி, விண்ணகத் தந்தை தம்மிடம் கேட்போருக்குத் தூய ஆவியை அருள்வார் என்று லூக்கா முடிக்கின்றார். மத்தேயு இதே கருத்தைச் சொல்லும்போது 'நன்மையானவை' என்று பொதுவாகச் சொல்ல, லூக்கா அதனைத் தூய ஆவி என்று வரையறுக்கின்றார். கேட்கப்படும் பொருள் எதுவாயினும், கொடுப்பவர் முதலில் கொடுப்பது தம்மையே என்பது லூக்காவின் கொள்கை.

மறுபக்கமும் மறைநூலில் உண்டு. கெத்சமனே தோட்டத்தில், துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு நீங்குமாறு இயேசு வேண்டினார். தம் விருப்பமன்று, தந்தையின் விருப்பமே ஆகுக என்றும் சேர்த்து வேண்டினார். கிண்ணம் நீங்கவில்லை. தம் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடுமாறு பவுல் மும்முறை மன்றாடினார். முள் எடுக்கப்படவில்லை; அருள் போதும் என்ற விடை மட்டுமே கிடைத்தது. இவ்விருவரையும் நம்பிக்கை குறைந்தவர் என்று கூறத் துணிபவர் யார்? எனவே, வேண்டியது கிடைக்காமையை நம்பிக்கைக் குறைவுக்குச் சான்றாகக் கொள்வதை மறைநூலே மறுத்துவிடுகின்றது.

சிறையும் மனுவும்

பனியன் 1628இல் பெட்ஃபோர்டு நகரை அடுத்த எல்ஸ்டோவில் பிறந்தவர். ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளர். அரசின் இசைவு பெறாமல் சமயவுரை ஆற்றியதற்காக 1660இல் சிறைப்பட்டார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள், 1672வரை, சிறையிலேயே கழிந்தன. நாடாக்களுக்கு முனை பொருத்தி விற்று, சிறையிலிருந்தவாறே குடும்பத்தைத் தாங்கினார். மூத்த மகளுக்குக் கண்பார்வை இல்லை. அவருடைய இரண்டாம் மனைவி எலிசபெத்து, கணவரின் விடுதலைக்காக 1661இல் நடுவர்களிடம் மீண்டும் மீண்டும் மனுச் செய்தார். நடுவர்களுள் ஒருவர் இரக்கம் காட்டினார், மற்றொருவர் சீறினார், விடுதலை கிடைக்கவில்லை. லூக்கா கூறிய கைம்பெண்ணின் கதையில் நடுவன் மசிந்தான். எலிசபெத்தின் கதையில் நடுவர் மசியவில்லை. உவமையையும் வாழ்க்கையையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க நேர்ந்த குடும்பம் அது.

இன்னொன்றும் இங்கே கருதத்தக்கது. பனியன் வெளியேற ஒரு வழி திறந்தே இருந்தது. இனிப் பொதுவில் சமயவுரை ஆற்றமாட்டேன் என்று ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தால் அவர் வீடு திரும்பியிருக்கலாம். அதனை அவர் கொடுக்கவில்லை. இச்செய்தியை உள்ளத்திற்கொண்டு அவருடைய நூலைப் படிப்போருக்கு, அதன் நடுவில் வரும் ஒரு சிறைக் காட்சி புதுப்பொருள் தருவதாகும்.

மூவகை விடைகள்

நூலில் வரும் மாந்தர் பெயர்கள் பெரும்பாலும் பண்புப் பெயர்கள். பொருள் விளங்குமாறு அவர்களைக் கிறித்தவன், உண்மையன், நம்பிக்கையன் என்று அழைக்கலாம். அழிவின் நகரைவிட்டு விண்ணக நகருக்குச் செல்லும் இப்பயணிகளின் செபங்களுக்குப் பனியன் ஒரே வகையான விடையை வழங்கவில்லை என்பதே இந்நூலின் சிறப்பு.

முதலாவது, காலந்தாழ்த்திய விடை. நம்பிக்கையன் தன் மனமாற்றக் கதையைக் கிறித்தவனுக்கு வழிநெடுகச் சொல்லி வருகின்றான். உண்மையன் கற்பித்தபடி செபித்தபோது முதன்முறையே விடை கிடைத்ததா என்று கிறித்தவன் வினவ, முதல்முறை இல்லை, இரண்டாம் முறை இல்லை என்று எண்ணிக்கொண்டே வந்து ஆறாம் முறையும் இல்லை என்கின்றான் அவன். செபத்தைக் கைவிட நினைத்தது எத்தனை முறை என்றதற்கு, நூற்றுக்கு மேற்பட்ட முறை என்று ஒளிக்காமல் கூறுகின்றான். விட்டாலும் இறப்பேன், அருளின் அரியணை முன்னிலையிலேயே இறப்பது மேல் என்று எண்ணித் தொடர்ந்தானாம். தாமதமாயினும் காத்திரு என்னும் ஆபகூக்கு இறைவாக்கினரின் சொல் அவனுக்குத் துணையாயிற்று. ஐயமே தோன்றாத நம்பிக்கையைப் பனியன் காட்டவில்லை. நூறுமுறை விட நினைத்தும் விடாத ஒருவனுக்குத்தான் 'நம்பிக்கை' என்னும் பெயரை அவர் சூட்டியிருக்கின்றார்.

இரண்டாவது, மறுக்கப்பட்டது போலத் தோன்றும் விடை. மாயச் சந்தை என்னும் நகரில் கிறித்தவனும் உண்மையனும் ஒன்றாகவே பிடிபடுகின்றனர். ஒன்றாகவே கூண்டில் அடைக்கப்படுகின்றனர். உண்மையன் விசாரணைக்கு நிறுத்தப்பட்டுக் கழுமரத்தில் கட்டி எரிக்கப்படுகின்றான். கிறித்தவனோ மீண்டும் சிறையில் வைக்கப்பட்டுப் பின்னர்த் தப்பிச் செல்கின்றான். இருவரின் நம்பிக்கையும் ஒன்றே, முடிவுகள் இரண்டு. உண்மையனின் உயிரை ஏற்றிச்செல்லத் தேர் காத்திருந்தது என்று ஆறுதல் கூறும் பனியன், அவன் ஏன் தப்பவில்லை, இவன் ஏன் தப்பினான் என்பதற்குக் காரணம் கூற முற்படவேயில்லை. இறைவனின் திட்டம் என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகின்றார். எதற்கும் விளக்கம் தர முந்தும் போதகர் பலர்க்கு இவ்வடக்கம் பாடமாகத்தக்கது.

மூன்றாவது, முன்னரே கொடுக்கப்பட்ட விடை. இதுவே நூலின் உச்சம்.

ஐயக் கோட்டை

கரடுமுரடான வழியில் கால் நோக நடந்த கிறித்தவனும் நம்பிக்கையனும், பக்கத்துப் புல்வெளியின் மென்மைக்கு ஆசைப்பட்டு வழிவிலகுகின்றனர். அவநம்பிக்கை என்னும் அரக்கன் அவர்களைப் பிடித்துத் தன் ஐயக் கோட்டையின் இருட்டறையில் தள்ளுகின்றான். புதன்கிழமை காலைமுதல் சனிக்கிழமை இரவுவரை அப்பமில்லை, ஒரு சொட்டு நீரில்லை, ஒளியில்லை. மனைவியின் சொற்கேட்டு அரக்கன் முதலில் தடியால் அடிக்கின்றான். பிறகு, கத்தியோ கயிறோ நஞ்சோ கொண்டு தாமே மாய்ந்துபோகுமாறு அறிவுரை கூறுகின்றான். கிறித்தவன் அதற்கு இணங்கும் நிலைக்கே வந்துவிடுகின்றான். நம்பிக்கையன்தான் தடுத்து நிறுத்துகின்றான்.

சனிக்கிழமை நள்ளிரவில் அவர்கள் செபிக்கத் தொடங்கி, விடியும் வேளைவரை செபிக்கின்றனர். விடிவதற்குச் சற்று முன்னர், கிறித்தவன் திடுக்கிட்டவனாய்த் தன்னைத்தானே பேதையென இகழ்ந்துகொள்கின்றான். வாக்குறுதி என்னும் திறவுகோல் அவன் மார்புக்குள்ளேயே இருந்திருக்கின்றது. ஐயக் கோட்டையின் எந்தப் பூட்டையும் திறக்கவல்லது அது. அறைக்கதவு எளிதாகத் திறக்கின்றது. முற்றத்துக் கதவும் திறக்கின்றது. வெளி இரும்புக் கதவின் பூட்டு மட்டும் மிகக் கடினமாகச் சுழல்கின்றது. ஆயினும் அதுவும் திறந்துவிடுகின்றது.

இக்காட்சியில் மூன்று நுட்பங்கள் உள்ளன. முதலாவது, அவ்விரவு முழுதும் அவர்கள் என்ன சொல்லிச் செபித்தனர் என்பதைப் பனியன் எழுதவில்லை. சொல்வன்மையால் கிடைத்த விடுதலை அன்று அது என்பதை அவ்வமைதியே உணர்த்துகின்றது. இரண்டாவது, வானதூதன் இறங்கவில்லை, சுவர் இடியவில்லை. புதிதாக எதுவும் கொடுக்கப்படவும் இல்லை. ஏற்கெனவே கொடுக்கப்பட்டதை மறந்திருந்த உள்ளம் அதனை நினைவுகூர்ந்தது, அவ்வளவே. செபம் இறைவனின் மனத்தை மாற்றும் கருவி என்பதினும், செபிப்பவனின் கண்ணைத் திறக்கும் கருவி என்பது இங்கே தெளிவாகின்றது. மூன்றாவது, இரும்புக் கதவு. திறவுகோல் கையில் இருந்தும் பூட்டு எளிதில் சுழலவில்லை என்னும் ஒரு வரியில், நம்பிக்கையோடு வாழ்வதன் உழைப்பு முழுவதையும் பனியன் அடக்கிவிடுகின்றார்.

பெட்ஃபோர்டு சிறையை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். அச்சிறையின் பூட்டும் ஒரு வாக்குறுதியால் திறந்திருக்கும். அது பனியன் அரசுக்குக் கொடுக்க வேண்டிய வாக்குறுதி. ஐயக் கோட்டையின் பூட்டைத் திறந்ததும் வாக்குறுதியே. ஆயின் அது இறைவன் மனிதனுக்குக் கொடுத்த வாக்குறுதி. முன்னதைக் கொடுத்திருந்தால் கற்சிறை திறந்து, உள்ளச்சிறை பூட்டிக்கொண்டிருக்கும். பின்னதைப் பற்றிக்கொண்டதால் கற்சிறை பூட்டியிருந்தும் உள்ளம் திறந்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் விடுதலை கிடைக்காத ஒருவர், செபத்திற்கு விடை கிடைத்தது என்று எழுத முடிந்ததன் காரணம் இதுவே.

ஒரு தடை, அதற்கு விடை

இவ்வளவு கூறியும், பனியன்மீது ஒரு குற்றம் சாட்ட இடமுண்டு. விண்ணக நகருக்கு முன்னால் பாலமில்லாத ஆறு ஒன்று ஓடுகின்றது. அது சாவின் ஆறு. அந்நகரின் அரசரை எவ்வளவு நம்புகின்றீரோ அதற்கேற்ப ஆற்றின் ஆழம் கூடும் அல்லது குறையும் என்று அங்குள்ளோர் பயணிகளிடம் கூறுகின்றனர். அப்படியாயின், மூழ்குபவன் நம்பிக்கையற்றவன் என்றாகாதா? பிள்ளையை இழந்த தாயின்மீது ஏற்றப்பட்ட அதே பழி இங்கும் ஏற்றப்படவில்லையா?

கதை மேலும் செல்லும்போது அந்த விதி அப்படியே நிற்கவில்லை என்பது புலனாகும். கிறித்தவன்தான் மூழ்குகின்றான், பழைய பிழைகளை எண்ணி நடுங்குகின்றான், கண் இருள்கின்றது. நம்பிக்கையன் அவன் தலையை நீருக்குமேல் தாங்கிப் பிடித்து, இத்துன்பங்கள் இறைவன் கைவிட்டதற்கு அடையாளம் அல்ல என்று தேற்றுகின்றான். அதே ஆற்றை அறியாமை என்பவன், வீண்நம்பிக்கை என்னும் படகோட்டியின் துணையால் துன்பமேயின்றிக் கடக்கின்றான். ஆயின் நகரின் வாயிலில் திருப்பி அனுப்பப்படுகின்றான். எளிதாகக் கடந்தவன் புறக்கணிக்கப்பட, மூழ்கித் தத்தளித்தவன் ஏற்கப்படுகின்றான். 1684இல் வந்த இரண்டாம் பகுதியில், வாழ்நாளெல்லாம் அஞ்சியே நடந்த அச்சன் என்பவன் ஆற்றங்கரைக்கு வரும்போது, எக்காலத்தும் இல்லாத அளவு நீர் வற்றிப்போகின்றது. அவன் பாதம் நனையும் அளவிலேயே கடந்துவிடுகின்றான். மிகவும் அஞ்சியவனுக்கே ஆறு மிகவும் ஆழங்குறைந்தது!

எனவே, நீரின் ஆழத்தைக் கொண்டு ஒருவர் நம்பிக்கையை அளக்கும் உரிமையைப் பனியன் எவருக்கும் தரவில்லை. கரையில் நின்று அளந்து சொல்வதன்று, நீரில் இறங்கித் தலையைத் தாங்கிப் பிடிப்பதே உடன் பயணியின் கடமை என்பது அவர் கதை காட்டும் அறம்.

தமிழ்க் காப்பியத்தில்

கிருட்டிணப் பிள்ளை 1827இல் நெல்லைச் சீமையில் கம்பனை ஓதிய வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் கிறித்துவம் தழுவியவர். ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய எனும் ஐந்து பருவங்களாக அவர் யாத்த காப்பியம் பனியனின் மொழிபெயர்ப்பு அன்று. தமிழில் புதிதாகப் பிறந்த நூல். செபத்தைப் பொறுத்தவரை அவர் செய்த மாற்றங்கள் இரண்டு எண்ணத்தக்கவை.

பனியனின் கதையில் பயணி சிலுவையைக் கண்டு சுமை நீங்கப்பெறும் காட்சி மிகச் சுருக்கமானது. கிருட்டிணப் பிள்ளையோ கிறித்துவின் வாழ்வையும் பாடுகளையும் சிலுவை மரணத்தையும் காப்பியத்தினுள்ளே விரித்துப் பாடினார். இதனால், தமிழ்ப் பயணியின் துன்பங்கள் யாவும் கிறித்துவின் துன்பத்தின் நிழலில் நிகழ்கின்றன. வேண்டியும் கிண்ணம் நீங்காத ஒருவரையே பின்பற்றி நடப்பவன், தன் கிண்ணம் நீங்காதபோது தான் கைவிடப்பட்டதாக எண்ண வேண்டியதில்லை.

மற்றொன்று, கதையின் இடையிடையே 'தேவாரம்' என்ற பெயராலேயே அவர் அமைத்த இசைப்பாடல்கள். இங்கே ஒரு முரண் தோன்றுகின்றது. எழுதி வைத்த செபங்களைக் கடுமையாக எதிர்த்தவர் பனியன். 1662இல் இங்கிலாந்து முழுவதற்கும் கட்டாயமாக்கப்பட்ட பொது வழிபாட்டு நூலை ஏற்க மறுத்து, ஆவியோடு செபிப்பதே செபம் என்று சிறையிலிருந்தே வாதாடியவர். அவர் கதையைப் பாடவந்த தமிழ்ப்புலவரோ அந்த வழிபாட்டு நூலைப் போற்றும் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சார்ந்தவர். எழுதி வைத்த செபங்களையே இசையோடு தருகின்றார். பனியன் சொல்லாமல் விட்ட இரவு மன்றாட்டுக்குத் தமிழ்ப்புலவர் சொல் கொடுத்தது கலைக்குற்றமா?

அன்று என்றே கூறத் தோன்றுகின்றது. நாயன்மாரும் ஆழ்வாரும் உருகிப் பாடியதைத் தன் நெஞ்சத்து அழுகையாக ஏற்றுப் பாடுவது தமிழ் மரபு. பிறர் சொல் தன் சொல்லாகும் அந்த மரபில் வளர்ந்த செவிக்கு, எழுதிய பாடலும் உயிருள்ள செபமே. சாநிழல் பள்ளத்தாக்கில் வாள் பயன்படாமற்போக, 'முழுச்செபம்' என்னும் படைக்கலத்தைக் கிறித்தவன் எடுக்கும்போது, பனியனே அவன் நாவில் வைப்பது திருப்பாடல்களின் சொற்களைத்தான். தன் சொல் வற்றிப்போன வேளையில் முன்னோர் சொல்லைப் பற்றிக்கொள்வதைப் பனியனும் மறுத்தாரில்லை.

வைணவ மரபு அடைக்கலத்தை விளக்கக் குரங்குக் குட்டியையும் பூனைக் குட்டியையும் உவமை கூறும். தாயை இறுகப் பற்றித் தொங்குவது முன்னது. தாயால் கவ்வி எடுத்துச் செல்லப்படுவது பின்னது. நூறுமுறை விட நினைத்தும் விடாத நம்பிக்கையன் குரங்குக் குட்டியை ஒத்தவன். ஆற்றில் பிடிதளர்ந்து பிறர் கையால் தாங்கப்பட்ட கிறித்தவன் பூனைக் குட்டியை ஒத்தவன். பற்றுதலும் பற்றப்படுதலும் ஒரே பயணத்தின் இரு நிலைகள் என்பதை, அவ்வுவமை வழங்கிய மண்ணில் வளர்ந்த தமிழ் வாசகர் எளிதில் உணர்வர்.

முடிவுரை

இறைவன் தரும் விடையில் நம்பிக்கை வைப்பது வேறு. விடை தரும் இறைவனிடம் நம்பிக்கை வைப்பது வேறு. முன்னது, கேட்டது கிடைக்காத அன்றே உடைந்துபோகும். பின்னது, ஆறாம் முறையும் விடையில்லை என்ற இரவிலும் ஏழாம் முறை முழங்காலிடச் செய்யும். செபத்தைப் பற்றிய கிறித்துவப் போதனையின் சாரம் இதுவென்று பனியனின் கதை காட்டுகின்றது. தமிழ்க் காப்பியம் அதனைப் பாட்டாக்கித் தந்திருக்கின்றது.

அந்தத் தாயிடம் சொல்லத்தக்கது எது என்பதற்கும் இந்நூலிலேயே விடையுண்டு. நம்பிக்கையன் ஆற்றில் நின்று செய்ததுதான் அது. அவன் ஆழத்தை அளக்கவில்லை, காரணம் ஆராயவில்லை, கரை வரும்வரை தோழனின் தலையை நீருக்குமேல் பிடித்துக்கொண்டிருந்தான்.